வெட்டுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள்: கியர் லீவர், பிரேக் பெடல், ஃபுட்ரெஸ்ட்

கேள்வி இதுதான். கேட்டவர் ஆறடி உயரம், ஷூ பதினோராம் நம்பர். வண்டி 2022 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, பின்னாலும் டிஸ்க் பிரேக். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் முழங்கால் வலிக்கிறது. ஷூ போட்டால் கியர் லீவருக்கு அடியில் முன்பாதம் நுழைய மறுக்கிறது. பிரேக் மிதிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து காலையே தூக்க வேண்டியிருக்கிறது. தெரிந்த லேத் பட்டறையில், "ஃபுட்ரெஸ்ட்டை வெட்டி ரெண்டு இஞ்ச் இறக்கிக் கொடுத்துடறேன்" என்கிறார்கள். செய்யலாமா, இல்லை வீட்டிலேயே வேறு வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

வீட்டிலேயே வழி இருக்கிறது. பெரும்பாலும் பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரோடு வேலை முடிந்துவிடும். பட்டறைக்காரர் சொல்வதை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஃபுட்ரெஸ்ட்டைத் தொடுவது கடைசி வேலை. ஏனென்றால் அதுதான் அஸ்திவாரம். அது இரண்டு அங்குலம் இறங்கினால் கியர் லீவரும் பிரேக் பெடலும் உங்கள் பாதத்துக்கு இரண்டு அங்குலம் மேலே ஏறிவிடும். இடது காலுக்கு அது நல்லது மாதிரி தெரியும், லீவருக்கு அடியில் ஷூ தாராளமாக நுழையும். வலது காலுக்கு அதே அளவு கெடுதல். ஏற்கெனவே காலைத் தூக்கித்தான் பிரேக் பிடிக்கிறீர்கள் என்றால், இனி முழங்காலையே தூக்க வேண்டிவரும். குறுக்கே ஒரு மாடு வரும்போது அந்த அரை நொடிதான் கணக்கு.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, வழக்கமாகப் போடும் அதே ஷூவோடு, வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காருங்கள். வீட்டில் யாரையாவது பக்கவாட்டில் இருந்து, உங்கள் முழங்கால் உயரத்துக்குக் குனிந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு ஒரு கோடு, முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு ஒரு கோடு போட்டால் உங்கள் முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். செங்கோணத்தை விடக் குறுகலாக இருந்தால் நீண்ட ஓட்டத்தில் வலிப்பது இயல்பு. செங்கோணத்தை விட நன்றாக விரிந்திருந்தும் வலிக்கிறது என்றால் காரணம் ஃபுட்ரெஸ்ட் உயரம் இல்லை. பெரும்பாலும் லீவரும் பெடலும் தப்பான உயரத்தில் இருப்பதால், பாதம் நாள் முழுக்க மேலே தூக்கிய நிலையிலோ வெளிப்பக்கம் திரும்பிய நிலையிலோ நிற்கிறது. கணுக்கால் கோணலாக நின்றால் வலி முழங்காலில்தான் வந்து சேரும்.

ஃபுட்ரெஸ்ட்டை இறக்கினால் எவ்வளவு பலன் கிடைக்கும்? தொடை 45 செ.மீ., முழங்காலுக்குக் கீழே 45 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் 85 டிகிரியில் மடங்கியிருக்கும் ஒருவருக்கு, இடுப்புக்கும் பாதத்துக்கும் நடுவே 2.5 செ.மீ. கூடினால் மடிப்பு ஏறக்குறைய 89 டிகிரிக்கு விரியும். நாலு டிகிரிதான். ஆனால் அந்த நாலு டிகிரியைக் கால் நன்றாகவே உணரும். இதில் கவனிக்க வேண்டியது, அந்த 2.5 செ.மீ. கீழே இருந்துதான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சீட்டை 2.5 செ.மீ. உயர்த்தினாலும் அதே பலன்தான். கிளாசிக்கின் சீட் உயரம் 805 மி.மீ. ஆறடி ஆளுக்கு அதற்கு மேல் ஒரு அங்குலம் ஏறினாலும் இரண்டு காலும் தரையில் பதியும். சீட் கடையில் கொடுத்து, கவரைப் பிரித்து, அடியில் கெட்டியான ஃபோம் ஒரு அடுக்கு வைத்து மறுபடி தைத்து வாங்கிவிடலாம். வண்டியின் உலோகத்தில் எதையும் தொட வேண்டியதில்லை, தரையிலிருந்து உள்ள இடைவெளியும் குறையாது, பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்கிவிடலாம். உயரமானவர்கள் என்னிடம் வந்தால் முதலில் சீட்டைத்தான் பார்க்கச் சொல்வேன். ஃபோம் மெத்தென்று இருக்கக் கூடாது. மெத்தென்று இருந்தால் அரை மணியில் அமுங்கி நீங்கள் பழைய உயரத்துக்கே வந்துவிடுவீர்கள்.

அடுத்து கியர் லீவர். இதில் இரண்டு வகை உண்டு, குனிந்து பார்த்தாலே தெரியும். ஒன்று, எஞ்சினிலிருந்து வெளியே வரும் தண்டின் மேல் லீவர் நேரடியாக மாட்டியிருப்பது. ஸ்ப்ளெண்டர் மாதிரியான வண்டிகளில் இப்படித்தான். இன்னொன்று, லீவர் ஃபுட்ரெஸ்ட் பக்கத்தில் தனி பிவட்டில் (சுழலும் அச்சில்) நின்று, நடுவே ஒரு கம்பி வழியாக எஞ்சின் தண்டை இழுப்பது. ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளியிருக்கும் அவெஞ்சர், பின்னால் தள்ளியிருக்கும் கேடிஎம் போன்றவற்றில் இந்த ஏற்பாடு.

நேரடி வகையில், தண்டைச் சுற்றிப் பல் பல்லாக வெட்டியிருக்கும். லீவரின் துளைக்குள்ளும் அதே பல். லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் உயரம் மாறும். கழற்றும் முன், தண்டின் முகத்தில் புள்ளி அடித்திருக்கிறதா என்று மண்ணைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தண்டிலும் லீவரிலும் சேர்ந்தாற்போல் ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். திரும்பிப் போக வேண்டுமென்றால் அந்தக் கோடுதான் வழி. பிறகு இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுதாக உருவி எடுக்க வேண்டும். பல வண்டிகளில் அந்த போல்ட் தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் வழியாகப் போகிறது. போல்ட் பாதி உள்ளே இருக்கும்போது லீவரை எவ்வளவு இழுத்தாலும் வராது. வரவில்லையே என்று சுத்தியலை எடுப்பவர்கள்தான் தண்டை வளைத்துவிட்டு, ஆயில் சீல் கசிகிறது என்று மெக்கானிக்கிடம் போகிறார்கள்.

போல்ட்டை எடுத்ததும் லீவர் துளையை ஒட்டியிருக்கும் பிளவில் கெட்டிப்பட்ட செம்மண்ணும் செயின் ஆயிலும் சேர்ந்த கறுப்புப் பசை இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுங்கள். துரு பிடித்திருந்தால் துரு இளக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள். பிளவுக்குள் தட்டையான ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து லேசாகத் திருகினால் துளை மயிரிழை விரியும். அப்போது இரண்டு கையாலும் லீவரை மேலும் கீழும் அசைத்தபடி நேராக வெளியே இழுத்தால் வந்துவிடும். திரும்ப மாட்டும்போதும் கையால் அழுத்தியே உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் பல் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். தட்டி ஏற்றினால் பல் நசுங்கிவிடும்.

ஒரு பல் என்பது சின்ன விஷயம் இல்லை. தண்டில் 24 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 15 டிகிரி. லீவர் 12 செ.மீ. நீளம் என்றால் அதன் நுனி ஏறக்குறைய 3 செ.மீ. ஏறும் அல்லது இறங்கும். அதனால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு பல்லே போதும், இரண்டாவது பல் அரிதாகத்தான் தேவைப்படும்.

உங்கள் வண்டியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கிளாசிக்கில் முன்னால் விரலுக்கு ஒரு மிதி, பின்னால் குதிகாலுக்கு ஒரு மிதி. தராசின் இரண்டு தட்டு மாதிரி, முன்பக்கத்தை ஏற்றினால் பின்பக்கம் தானாகவே இறங்கும். இறங்கிய குதிகால் மிதி ஃபுட்ரெஸ்ட்டின் மேலேயோ அதைத் தாங்கும் கம்பியின் மேலேயோ போய் இடித்தால், கியர் முழுதாக விழும் முன்பே லீவரின் ஓட்டம் நின்றுவிடும். கியர் பாதியில் நிற்கும், ஆக்சிலரேட்டர் திருகும்போது தட்டென்று கழன்று நியூட்ரல் மாதிரி சுற்றும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் கியர்பாக்ஸுக்குள் பற்களின் முனை மழுங்கிவிடும். ஒரு சின்ன வசதிக்காக எஞ்சினைப் பிரிக்கும் செலவு வந்து சேரும்.

ஆகவே மாட்டியதும் ஸ்டார்ட் செய்யாமலே சோதியுங்கள். சென்டர் ஸ்டாண்டில் வண்டி. ஒரு கையால் பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, மற்றொரு கையால் லீவரை முதல் கியரிலிருந்து கடைசி கியர் வரை ஏற்றி, மறுபடி இறக்குங்கள். ஒவ்வொரு கியரிலும் லீவர் அதன் கடைசி எல்லைக்குப் போகும்போது, எஞ்சின் கவர், லெக் கார்டு, சைடு ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட் எதோடும் அது தொடவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு விரல் நுழையும் இடைவெளி எல்லாப் பக்கமும் இருந்தால் நிம்மதி.

பதினோராம் நம்பர் ஷூவுக்கு ஒரு பல் போதவில்லை, இரண்டு பல் ஏற்றினால் குதிகால் இடிக்கிறது என்றால் வழி உண்டு: விரல் மிதி மட்டும் உள்ள லீவர். குதிகால் மிதி போனதும் பாதத்தைப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ள இடம் கிடைக்கும். பெரிய பாதத்துக்கு அதுவே பாதி நிவாரணம். பின்பக்கத்தை ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். ஒரிஜினல் லீவரைத் துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். வாங்கும் லீவரின் பல் எண்ணிக்கையும் துளை அளவும் உங்கள் தண்டோடு சரியாகப் பொருந்துவதாக இருக்க வேண்டும். ஏறக்குறைய பொருந்தும் லீவரும் போல்ட்டை இறுக்கினால் பிடித்துக்கொள்வது மாதிரிதான் தெரியும். மாதம் போகப் போகத் தண்டின் பல்லைத் தின்றுவிடும். லீவரை மாற்றிவிடலாம், தண்டை மாற்ற எஞ்சினைத் திறக்க வேண்டும்.

செருப்பு போட்டு ஓட்டுபவர்களுக்கு நான் குதிகால் மிதியை எடுக்கச் சொல்வதில்லை. நம் ஊர்ப் பைக்குகளில் அது காலம் காலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ரப்பர் செருப்போடு கட்டைவிரலை லீவருக்கு அடியில் கொடுத்துத் தூக்கினால் நகம் பெயரும். குதிகாலால் மிதித்தால் அந்தத் தொல்லை இல்லை. கணுக்கால் முறிந்து சரியாக மடங்காதவர்களுக்கும், முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் குதிகால் மிதி பெரிய வரம். அவர்களுக்கு அந்த மிதியை நீக்குவதை விட, அதன் தகட்டை அகலமாக்கி மேலே ரப்பர் ஒட்டிக் கொடுப்பது நல்லது. முன்மிதியின் ரப்பர் தேய்ந்து இரும்பு குத்துகிறது என்றால், ரப்பர் தனியாகவே கடையில் கிடைக்கும். கிடைக்காத பட்சத்தில் சரியான அளவு பெட்ரோல் டியூபை வெந்நீரில் நனைத்து இழுத்து மாட்டினால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஷூவின் மேல்தோலும் கிழியாது.

கம்பி வழியாக வேலை செய்யும் லீவர் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பல் மாற்றவே வேண்டாம். கம்பியின் இரண்டு முனையிலும் லாக் நட்டு (தளராமல் பிடித்து வைக்கும் நட்டு) இருக்கும். இரண்டையும் தளர்த்திவிட்டு நடுக்கம்பியைத் திருகினால் அதன் நீளம் கூடும் அல்லது குறையும், லீவர் மில்லிமீட்டர் கணக்கில் ஏறி இறங்கும். ஒரு முனையில் இருப்பது இடது மரை என்பதை மட்டும் மறக்காதீர்கள். அந்த நட்டை வழக்கமான பக்கம் திருகினால் தளராமல் இறுகும், தெரியாமல் பலம் போட்டால் மரை போய்விடும். கம்பியை நீட்டும்போது இரண்டு முனையிலும் போதுமான மரை உள்ளே மிச்சம் இருக்க வேண்டும். கம்பிக்கும் எஞ்சின் தண்டில் இருக்கும் சின்னக் கைக்கும் நடுவே கோணம் செங்கோணத்தை ஒட்டி இருக்கட்டும். அதிலிருந்து ரொம்ப விலகினால் ஒரு பக்கம் கியர் லேசாகவும் மறுபக்கம் கனமாகவும் விழும்.

இனி வலது கால். இங்கே நிதானம் வேண்டும். கியர் லீவரில் தப்பு செய்தால் கியர் சரியாக விழாது, பிரேக் பெடலில் தப்பு செய்தால் சக்கரம் பிடித்துக்கொள்ளும்.

பெடல் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? ஃபுட்ரெஸ்ட்டில் பாதத்தைச் சாதாரணமாக வைத்தால் முன்பாதம் பெடலுக்கு மேல் மயிரிழை விலகி நிற்க வேண்டும். கணுக்காலை மட்டும் சாய்த்தால் பிரேக் பிடிக்க வேண்டும். காலைத் தூக்கினால்தான் பிடிக்கிறது என்றால் பெடல் உயரம் அதிகம். விரலைக் கீழே நீட்டித் தேட வேண்டியிருக்கிறது என்றால் தாழ்வு. பாதம் எந்நேரமும் பெடலில் படிந்தே இருக்கிறது என்றால் அதுவும் தப்பு: பிரேக் லைட் அணையாமல் எரியும், பின்னால் வருபவர் நீங்கள் எப்போது பிரேக் போடுகிறீர்கள் என்றே தெரியாமல் வருவார்.

பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில் வேலை சுலபம். பெடலின் பிவட் பக்கம் அதன் உயரத்தை நிறுத்தும் ஒரு ஸ்டாப்பர் போல்ட், லாக் நட்டோடு இருக்கும். அதைத் திருகினால் பெடல் ஏறும், இறங்கும். பெடலை இறக்கினால் பிரேக் கம்பி இழுபடும், அதாவது நீங்கள் மிதிக்காமலே பிரேக் பாதி பிடித்திருக்கும். அதனால் சக்கரத்துப் பக்கம் கம்பி முனையில் இருக்கும் நட்டைத் தளர்த்தி, பெடல் நுனியில் 2 முதல் 3 செ.மீ. வரை சும்மா ஆடும் பிளே வைக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சரி. பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், உரசும் சத்தம் இல்லாமல் சுற்ற வேண்டும்.

125 சிசி வரை உள்ள புது வண்டிகளில் ஒரு எச்சரிக்கை. 2019 ஏப்ரலிலிருந்து அந்த அளவு வண்டிகளுக்கு இணைந்த பிரேக் அல்லது ஏபிஎஸ் (சக்கரம் இறுகாமல் தடுக்கும் பிரேக்) கட்டாயமானது. இணைந்த பிரேக் உள்ள பைக்குகளில் வலது கால் பெடலை மிதித்தால் பின்பிரேக்கோடு முன்பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். பெடலிலிருந்து முன்னால் போகும் கேபிளும் அந்த அளவோடு கட்டுப்பட்டது. ஒன்றை மாற்றிவிட்டு மற்றொன்றை விட்டால் முன்பின் பங்கு கெட்டுவிடும். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் பிரேக் பெடலை மட்டும் சர்வீஸ் சென்டரில் செய்துகொள்ளுங்கள்.

உங்களுடையது டிஸ்க். பெடலின் பின்கை ஒரு சின்னக் கம்பியைத் தள்ளுகிறது, கம்பி, பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. கம்பியின் அடியில் ஒரு கவடு, அதன் குறுக்கே ஒரு ஊசி, அது கழலாமல் இருக்க ஸ்பிளிட் பின் என்ற வளைக்கும் கம்பி. கவட்டுக்கு மேலே லாக் நட்டு. நட்டைத் தளர்த்திக் கம்பியைத் திருகினால் அதன் நீளம் மாறும். கம்பி குறுகினால் பெடல் இறங்கும், நீண்டால் ஏறும். உங்களுக்கு வேண்டியது இறங்குவது, அதனால் நீங்கள் பாதுகாப்பான திசையில்தான் போகிறீர்கள். ஆனாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

மாஸ்டர் சிலிண்டருக்குள், பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பிப் போக ஊசித் துளை ஒன்று இருக்கிறது. பெடலை விட்டதும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கினால்தான் அந்தத் துளை திறக்கும். பிரேக் பிடிக்கப் பிடிக்க பிரேக் ஆயில் சூடாகி விரியும், விரிந்தது அந்தத் துளை வழியாக டப்பாவுக்குப் போய்விடும். கம்பியை அளவுக்கு மேல் நீட்டி, பெடல் ஸ்டாப்பரில் நிற்கும்போதே பிஸ்டன் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளப்பட்டிருந்தால் துளை மூடியே இருக்கும். விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. அது டிஸ்க்கைப் பிடிக்கும் பேடுகளைத் தள்ளும். பேடு டிஸ்க்கில் உரசி இன்னும் சூடாகும், ஆயில் இன்னும் விரியும். வீட்டு வாசலில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்த வண்டி, நாற்பது கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலையில் பின்சக்கரம் இறுகிப் பிடித்துக்கொள்வது இப்படித்தான்.

ஆகவே டிஸ்க் வண்டியில் ஒரே விதி: பெடலை விட்ட நிலையில் கம்பியைக் கையால் அசைத்தால் லேசாக ஆட வேண்டும். ஆட்டம் கொஞ்சமும் இல்லை என்றால் நீளம் அதிகம். மறுபக்கம், ரொம்பக் குறுக்கிவிட்டு, கவட்டுக்குள் மரை நான்கைந்து சுற்று கூட மிச்சமில்லாமல் வைப்பதும் கூடாது, கழன்றால் பின்பிரேக் இல்லை. சரியான அளவு வந்ததும் லாக் நட்டை இறுக்குங்கள். ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போடுங்கள். பழையதை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் உடையும், அதன் விலை ஐந்து பத்து ரூபாய்தான்.

வேலை முடிந்ததும் பக்கத்துத் தெருவில் மெதுவாக ஒரு சுற்று, பிறகு பின்பிரேக்கைத் தொடாமல் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, பின் டிஸ்க்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சுர்ரென்று ஆவியானால் பேடு உரசிக்கொண்டிருக்கிறது, வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து கம்பியை மறுபடி பாருங்கள். இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

பிரேக் லைட் சுவிட்சைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெடலிலிருந்து ஒரு ஸ்பிரிங் அந்தச் சுவிட்சை இழுக்கும் வகையாக இருந்தால், பெடல் இறங்கியதும் லைட் எந்நேரமும் எரிய ஆரம்பிக்கும். சுவிட்சின் உடலைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் பிளாஸ்டிக் நட்டை மட்டும் திருகுங்கள். உடலைத் திருகினால் ஒயர் முறுக்கிக்கொண்டு உள்ளே அறுந்துவிடும். பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் லைட் எரிய வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் முழங்கால் மடிப்பு போதவில்லை என்றால்தான் ஃபுட்ரெஸ்ட். அதிலும் இரண்டு அங்குலம் வேண்டாம். ஒரு அங்குலத்துக்கு மேல் இறக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிளாசிக்கில் தரையிலிருந்து உள்ள இடைவெளி 170 மி.மீ., நேராகப் போகும்போது அது தாராளம். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது முதலில் தரையைத் தேடுவது ஃபுட்ரெஸ்ட்தான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு, இரண்டு அங்குலம் தாழ்ந்த ஃபுட்ரெஸ்ட்டோடு திரும்பினால் உரசல் நிச்சயம். ஒரிஜினல் ஃபுட்ரெஸ்ட் உரசினால் ஸ்பிரிங்கில் மேலே மடங்கிவிடும். பட்டறையில் வெல்டு வைத்த கெட்டிக் கம்பி மடங்காது. அது தரையில் ஊன்றி, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்பிவிடும். அதனால் மடங்காத ஃபுட்ரெஸ்ட்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

வெல்டிங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபுட்ரெஸ்ட்டைத் தாங்கும் பிராக்கெட் அலுமினிய வார்ப்பு என்றால் சாதாரண வெல்டிங் அதில் நிற்காது. இரும்பாக இருந்தாலும், வேகத்தடையில் நீங்கள் எழுந்து நிற்கும்போது முழு உடம்பின் கனமும், அதிர்வோடு சேர்ந்து, அந்த ஒரு மூட்டில்தான் விழுகிறது. மூட்டிலிருந்து கால் வைக்கும் இடம் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்கு வளைக்கும் விசையும் கூடும். வெல்டு விடுபடுவது முன்னறிவிப்போடு நடக்காது. அதற்குப் பதிலாக ஒரிஜினல் பிராக்கெட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவே போல்ட்டில் மாட்டும் இறக்குக் கட்டை வாங்கலாம், அல்லது லேத்தில் திட இரும்பில் கடைந்து வாங்கலாம். அது சுற்றாமல் இருக்க ஒரு நிறுத்தம் வைத்திருக்கிறார்களா பாருங்கள். போல்ட் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். எதுவும் பொறிக்காத கடை போல்ட்டை இந்த இடத்தில் போடாதீர்கள். மரை தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை ஒரு சொட்டு. ஃபுட்ரெஸ்ட் இறங்கியதும், மேலே சொன்ன லீவர், பெடல், சுவிட்ச் எல்லாவற்றையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும்.

அகலமான உலோக ஃபுட்ரெஸ்ட் மாட்டலாமா என்றும் பலர் கேட்பதுண்டு. பாதத்தின் கனம் பரவுவதால் உள்ளங்கால் வலி குறையும், உண்மைதான். ஆனால் 350 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நடுக்கத்தை ஒரிஜினல் ரப்பர்தான் வாங்கிக்கொள்கிறது. ரப்பர் இல்லாத பல் பல்லான உலோகத்தில் இரண்டு மணி நேரம் கால் வைத்தால் விரல்கள் மரத்துப்போகும். ரப்பர் பதித்த அகல ஃபுட்ரெஸ்ட் கிடைத்தால் வாங்குங்கள்.

லெக் கார்டில் இன்னொரு ஜோடி ஃபுட்ரெஸ்ட் மாட்டி, நெடுஞ்சாலையில் காலை நீட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். முழங்காலுக்குச் சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரம் இரண்டு காலும் கியரையும் பிரேக்கையும் விட்டு விலகியிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி ஊரும் கடையும் கோயிலும் அடுத்தடுத்து வரும் சாலையில் அது சரிப்படாது. மாட்டியே தீருவேன் என்றால் இடது பக்கம் மட்டும் பயன்படுத்துங்கள், வலது கால் பெடலருகிலேயே இருக்கட்டும்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, இதே கேள்வி அவர்களிடமிருந்தும் வருகிறது. திருவொற்றியூரில் செய்த பழைய நான்கு கியர் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அன்றைய பிரிட்டிஷ் வண்டிகளின் வழக்கம் அது. அமெரிக்கா 1974 செப்டம்பரிலிருந்து இடது காலில் கியர், வலது காலில் பிரேக் என்று சட்டமாக்கியது, நாளடைவில் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. பழைய வண்டியில் குறுக்கே தண்டு ஓட்டிக் கியரை இடது பக்கம் கொண்டுவரலாமா என்கிறார்கள். செய்ய முடியும், ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் ஆட்டம் சேர்ந்து கியர் விழுவது மொழுக்கென்று ஆகிவிடும். அந்த கியர்பாக்ஸில் நியூட்ரலுக்கென்றே குதிகாலால் மிதிக்கும் தனி லீவர் இருக்கிறது. இரண்டு, மூன்று, நான்கு எதிலிருந்தும் ஒரே மிதியில் நியூட்ரல். அவ்வளவு அருமையான ஏற்பாட்டைக் கெடுக்காமல், வலது கால் கியரைப் பழகிக்கொள்வதே மேல். வீட்டில் இடது கியர் வண்டியும் இருந்து, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுபவர் என்றால் மட்டும் முதல் சில கிலோமீட்டர் கவனமாக இருக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. லீவரைப் பல் தள்ளி மாட்டுவதும் பெடல் உயரத்தைச் சரிசெய்வதும் கையேட்டில் சொல்லப்படும் சாதாரண வேலைகள், அவற்றில் பிரச்சினை இல்லை. ஃப்ரேமை வெட்டுவதும் அதில் வெல்டு வைப்பதும் வேறு கதை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் காட்டுவார். கால் ஊனமுற்றவர்களுக்காகக் கட்டுப்பாடுகளை இடம் மாற்றும்போது ஆர்டிஓ அலுவலகத்தில் முறைப்படி அனுமதி வாங்கி ஆர்சியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்லும் வரிசை: இந்த ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுத்து முழங்கால் கோணத்தைப் பாருங்கள். அன்றே கியர் லீவரை ஒரு பல் ஏற்றி, இடிக்கிறதா என்று சோதியுங்கள். பிரேக் பெடலை இறக்குங்கள், தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். ஒரு வாரம் அலுவலகத்துக்கு அப்படியே ஓட்டுங்கள், முதல் இரண்டு நாள் கால் பழைய இடத்தையே தேடும், அது பழகிவிடும். வாரக் கடைசியில் லீவர் போல்ட்டையும் லாக் நட்டுகளையும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், புதிதாக மாட்டியது கொஞ்சம் தளர்ந்திருக்கும். லீவர் போல்ட் ஆறு மில்லிமீட்டர் மரைதான், நீளமான ஸ்பேனரை வைத்து உடம்புப் பலத்தைக் காட்டினால் மரை போகும். வலி குறைந்து, மிச்சம் இருக்கிறது என்றால் சீட் கடை. அதற்குப் பிறகும் தீராவிட்டால் சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் வரை எத்தனை செ.மீ., உங்கள் கால் உள்ளளவு (தொடை இடுக்கிலிருந்து தரை வரை) எத்தனை செ.மீ., போட்டோவில் முழங்கால் எத்தனை டிகிரி, இந்த மூன்றையும் சொல்லுங்கள். ஒரு அங்குலக் கட்டையை எந்த அளவில் கடைய வேண்டும் என்று அப்போது பேசலாம்.